ஆடு செய்யாத வேலை

சலூன்காரருக்கு அரசியல் பேசப் பிடிக்கும், காற்று பிடிக்காது. அவர் இருந்த தீவில் அரசியல் கேட்க ஆளில்லை, காற்று ஓய்ந்ததில்லை. வெட்டிய முடியைக் கூட்டி மூலையில் சேர்ப்பதற்குள் அது கதவு வழியாக வெளியேறி, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த தபால் நிலையத்துக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். தபால்காரர் அதைக் காகிதத்தில் மடித்து, "உங்க பார்சல்" என்று திருப்பிக் கொடுப்பார்.

கடை படகுத்துறைக்குப் பக்கத்தில். ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி. உப்பு ஏறிக் கண்ணாடி பச்சை பூத்திருந்தது. அதில் முகம் பார்த்தால் மூன்று நாள் தண்ணீரில் கிடந்து கரை ஒதுங்கியவர் மாதிரித் தெரியும். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வெட்டு எப்படி இருந்தாலும் உயிரோடு இருப்பதே பெரிது என்று எழுந்து போவார்கள். இந்தக் காரணத்தாலேயே அவர் கண்ணாடியை மாற்றவில்லை.

கடையில் மொத்தம் பதினொரு தலைகள் மிச்சம். அதில் மூன்று வழுக்கை. அந்த மூவரும் மரியாதைக்காக மாதம் ஒருமுறை வந்து, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கத்தரிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

தலை குறைந்ததற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. தீவின் தெற்கே ஓர் உப்போடை. அதன் இரு கரையிலும் கண்டல் காடு இருந்தது. சேற்றில் வேரைக் கால் மாதிரி ஊன்றி நிற்கும் மரம். அடுப்புக்கென்றும் வேலிக்கென்றும் ஊரே அதை வெட்டியது. கண்டல் போனதும் அதன் வேருக்குள் வளர்ந்த நண்டும் இறாலும் போயின. நண்டு போனதும் நண்டு பிடிக்கிறவர்கள் பிழைப்புத் தேடி அக்கரைக்குப் போனார்கள். போகும்போது தலையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"எல்லாரும் மரத்தை வெட்டினாங்க. கடைசியில வெட்டறதுக்கு எனக்குத் தலை இல்லை" என்று அவர் வழுக்கைக்காரர்களிடம் சொல்வார். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டாதீர்கள், கத்தரி படும் என்பார்.

அவர் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், அக்கரையில் பெரிய சலூன் வைத்திருந்தார். நாலு சுழல் நாற்காலி, கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். மாதம் தவறாமல் போன் வரும்.

"மாப்ளே, மூணாவது நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு. உங்களுக்காகவே வெச்சிருக்கேன்."

மூன்றாவது நாற்காலிக்கு நேர் மேலே குளிர்சாதனம் ஒழுகும் என்பது சலூன்காரருக்குத் தெரியும். அது பரவாயில்லை, நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் போட வேண்டிய ஒரு சட்டை இருந்தது. அதன் முதுகில் மச்சானின் முகம், சிரித்தபடி, அசல் முகத்தைவிடப் பெரியதாக அச்சடிக்கப்பட்டிருந்தது.

"உங்க அண்ணனை முதுகுல சுமக்க என்னால முடியாது" என்றார் மனைவியிடம்.

"அப்போ இங்க ஒரு வழி பண்ணுங்க. பதினொரு தலையை வெச்சு எத்தனை நாள் ஓட்டறது?"

வழி பண்ணியது அவள்தான். தீவின் பெண்கள் குழுவுக்கு அவள் செயலாளர். கடற்கரைத் திட்டத்திலிருந்து ஒரு மேடம் வந்து, உப்போடையில் மறுபடி கண்டல் நட வேண்டும் என்று சொன்னபோது, முதலில் சேற்றில் இறங்கியவளும் அவள்தான். ஒப்பந்தம் இதுதான்: இரண்டாயிரம் கன்று நட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அளவு ஆபீசர் வந்து பார்க்கும்போது ஆயிரத்து ஐந்நூறாவது உயிரோடு இருந்தால், ஓடையைப் பெண்கள் குழுவுக்கே எழுதிக் கொடுப்பார்கள். அங்கே கூண்டு கட்டி, மெலிந்த நண்டை வாங்கிப் போட்டு, தீனி கொடுத்துச் சதை பிடிக்க வைத்து விற்கலாம். ஆயிரத்து ஐந்நூறு தேறாவிட்டால் ஓடையை ஆழமாகத் தோண்டி, உல்லாசப் படகு நிறுத்தும் இடமாக்கிவிடுவார்கள்.

"தேறலைன்னா அடுத்த படகுல அண்ணன் கடைக்குக் கிளம்பறோம். பேச்சே கிடையாது" என்றாள் மனைவி. சலூன்காரர் அன்றிலிருந்து கண்டலை நேசிக்கத் தொடங்கினார்.

நட்ட நாலாம் மாதம் கன்றுகள் மேல் ஒட்டுச்சிப்பி ஏறியது. படகின் அடியில் சொரசொரவென்று பிடித்துக்கொள்ளுமே, அதுதான். தண்டு முழுக்க அப்பி, கன்றின் மூச்சை அடைத்துச் சாய்த்துவிடும். தண்டின் தோலில் கீறல் படாமல் சுரண்டி எடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் மூங்கில் பட்டையால் சுரண்டினார்கள். சிப்பியும் வந்தது, தோலும் வந்தது. மேடம் "பாத்து, பாத்து" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார்.

மனைவிக்குத் தேநீர் கொண்டுவந்த சலூன்காரர் கரையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து முனை மழுங்கிய பழைய சவரக் கத்தியை எடுத்தார். கன்றின் தண்டை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, ஒரு பக்கம் சாய்த்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. சிப்பி உதிர்ந்தது. தோல் பளபளவென்று இருந்தது.

மேடம் குனிந்து பார்த்தார். "அண்ணே, ஒரு கீறல்கூட இல்லையே!"

"கீறல் விழுந்தா மறுபடி வருவாங்களா?" என்றார் சலூன்காரர்.

அன்றைக்கே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் அவர் ஓடையில் இருந்தார். ஒரு கன்றுக்கு ஒன்றரை நிமிஷம். மனைவி அவருக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தாள். அது சேற்றில் புதையாமலிருக்க அடியில் பலகை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அரசியல் கேட்டுக்கொண்டே இருக்கும். வரி ஏறியது ஏன், போன தேர்தலில் யார் யாரைக் கவிழ்த்தார்கள், அடுத்தது யார் வருவார்கள். கன்றுகள் குறுக்கே பேசவில்லை, தூங்கி விழவில்லை. போன முறை நல்லா வெட்டலை என்று ஒரு புகார் கிடையாது.

"இந்த ஓடை மாதிரி ஒரு கடை அமையணும்" என்றார் ஒருநாள்.

படகோட்டி துடுப்பைப் போட்டுக்கொண்டே கேட்டான். "பின் கழுத்துக்குப் பவுடர் போடறதில்லையா?"

"ஈரமா இருக்கு, ஒட்டாது" என்றார் அவர், யோசித்துவிட்டு.

இப்படி இரண்டு வருஷம். அளவு ஆபீசர் வியாழக்கிழமை வருகிறார் என்று கடிதம் வந்தது. மேடம் எண்ணிப் பார்த்தார். ஆயிரத்து எழுநூற்றுப் பத்துக் கன்று உயிரோடு இருந்தது. முட்டியளவுக்குச் சில, இடுப்பளவுக்குச் சில. ஓடையில் குட்டி நண்டுகள் ஓடின. பெண்கள் கூண்டுக்குக் கம்பு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மச்சானுக்கும் எப்படியோ தகவல் போய், மூட்டை கட்ட உதவுகிறேன் என்று புதன்கிழமையே வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பை. பையில் சட்டை. அளவு பார்க்க என்று அதை மாப்பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்த்தார்.

"கச்சிதம்" என்றார் மச்சான். முதுகில் இருந்த மச்சானும் சிரித்தார்.

வியாழன் காலை, வெயில் ஏறும் முன்னால் தண்ணீர் வற்றியது. சலூன்காரர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஓடைக்குப் போனார். கரையோரம் முன் வரிசைகள் நாலு. வரிசைக்கு நூறு கன்று. அவற்றைப் பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது. ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்று இடப்பக்கம் பரட்டை, ஒன்று உச்சியில் சிலிர்த்துக்கொண்டு. கல்யாணத்துக்குப் போகிற நாளில் தலை வாராமல் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தது. பெரிய மனிதர் முன்னால் போய் நிற்கிற எவனையும் அவர் இதுவரை பரட்டைத் தலையோடு அனுப்பியதில்லை. முப்பது வருஷத் தொழில் தர்மம். சட்டைப் பையில் கத்தரி வேறு இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் முடித்தார். நாலு வரிசை, நானூறு கன்று, ஒரே மட்டம். மேலே பலகை வைத்துத் தண்ணீர்ச் சொம்பை நிறுத்தினால் அசையாது. எட்ட நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கன்றில் ஓர் இலை அதிகம். போய் எடுத்தார். வாழ்நாளில் இவ்வளவு நல்ல வேலை அவர் செய்ததில்லை.

முதலில் பார்த்தவள் மனைவி.

"யாருங்க இது?"

"யாருன்னா?"

"இந்த அநியாயத்தை யாரு பண்ணது?"

"அநியாயமா? நல்லாப் பாரு. இந்த மூலையிலிருந்து பாரு, அப்பதான் தெரியும்."

அவள் எந்த மூலையிலிருந்தும் பார்க்கவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்தாள். மேடம் ஓடிவந்தார். பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இது முடி இல்லை அண்ணே. கண்டல்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு வெட்டினா துளிர்க்கும். இந்த ஜாதி நுனியை எடுத்துட்டா துளிர்க்குமா இல்லையான்னே நிச்சயமாச் சொல்ல முடியாது. இளசா இருந்தா சிலது பொழைக்கும். பல சமயம் அப்படியே பட்டுப்போயிடும்."

சலூன்காரர் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். பிறகு முன் வரிசையைப் பார்த்தார். வெட்டினால் வளராது என்று ஒரு பொருள் உலகத்தில் இருக்கக்கூடும் என்பதை அவர் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"நானூறும் போச்சுன்னா மிச்சம் ஆயிரத்து முந்நூத்திப் பத்து. போச்சு, எல்லாம் போச்சு" என்றார் மேடம். அதற்குள் படகுச் சத்தம் கேட்டது.

மனைவி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நீங்க வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன். வாயைத் திறந்தீங்கன்னா நானே அந்தச் சட்டையை உங்களுக்கு மாட்டி விடுவேன்."

அளவு ஆபீசர் ஒல்லியான மனிதர். ஒரு கையில் குடை, ஒரு கையில் அளவுக்கோல், கக்கத்தில் படிவம். முன் வரிசையைப் பார்த்ததும் நின்றார். படிவத்தைப் புரட்டினார். போன வருஷம் எடுத்த உயரம் அதில் இருந்தது. முதல் கன்றை அளந்தார். இரண்டாவதை அளந்தார். பத்தாவதோடு நிறுத்தினார்.

"எல்லாம் போன வருஷத்தைவிடக் குட்டையா இருக்கு. குறையற செடிக்கு இதுல கட்டமே இல்லையே."

"ஆடு சார்" என்றாள் மனைவி. "ஆடு மேஞ்சிருச்சு."

ஆபீசர் முகம் தெளிந்தது. ஆட்டுக்குக் கட்டம் இருந்தது. கால்நடையால் சேதம்: ஐந்நூறு கன்று வரை மன்னிக்கலாம், உயிரோடு இருப்பதாகவே கணக்கு. பேனாவைத் திறந்தார்.

"யாரோட ஆடு?"

மனைவி சுற்றிலும் பார்த்தாள். கரை மேட்டில் ஒரே ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. கையைக் காட்டினாள்.

படகோட்டி பதறினான். "ஐயோ சார், அது என் ஆடு. சேத்தைப் பாத்தாலே காலைத் தூக்கிக்கும். அது எங்க இவ்வளவு தூரம்..."

மேடம் அவன் காலை மிதித்தார். "...வராதுன்னு நெனைச்சேன்" என்று அவன் முடித்தான்.

சலூன்காரர் வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மச்சான் பையோடு நின்றார். ஆபீசர் 'கால்நடை' என்று எழுதத் தொடங்கி, இன்னொரு முறை வரிசையைக் குனிந்து பார்த்தார்.

"வித்தியாசமான ஆடு. ஓரளவுக்கு மட்டமாத்தான் மேஞ்சிருக்கு" என்றார். "ஆனா இந்த ரெண்டாவது வரிசையில கொஞ்சம் மேடும் பள்ளமுமா வந்துடுச்சு."

"எங்க?" என்றார் சலூன்காரர்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க மேடு? எங்க பள்ளம்? காட்டுங்க சார். அளவுக்கோல்தான் வெச்சிருக்கீங்களே, வெச்சுப் பாருங்க. ஓரளவுக்கு மட்டமாம்! ஆடாம்! பாவம், அந்த ஜீவனுக்குப் புல்லை ஒழுங்காக் கடிக்கத் தெரியுமா? இது முப்பது வருஷக் கை சார்!"

ஒரு குட்டி நண்டு ஆபீசரின் செருப்பைத் தாண்டிப் போனது. ஆபீசர் எழுதிய பாதி வார்த்தையை அடித்தார்.

"மனிதச் சேதம்" என்று சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார். "நானூறு. இதுக்கு மன்னிப்பு இல்லை."

"மாப்ளே" என்றார் மச்சான் மெதுவாக, "முழுக்கையா, அரைக்கையா?"

அப்போதுதான் சலூன்காரருக்குத் தான் செய்தது உறைத்தது. சேற்றில் இரண்டடி எடுத்து வைத்து ஆபீசருக்கு எதிரே போய் நின்றார்.

"சார், வெட்டினேன், ஒத்துக்கறேன். கொல்லலை. வெட்டினதெல்லாம் செத்துதுன்னா இந்தத் தீவுல ஒருத்தனும் உயிரோட இருக்க மாட்டான். ஒரு மாசம் கொடுங்க. துளிர்த்தா உயிரு, துளிர்க்கலைன்னா நீங்க எழுதினது எழுதினதுதான்."

"ஒரு மாசம்னு எப்படிச் சொல்றீங்க?"

"எல்லாருக்கும் ஒரு மாசம்தான் சார்" என்றார் சலூன்காரர்.

ஆபீசர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், அடியில், பொடி எழுத்தில், மறு ஆய்வு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை இதுவரை யாரும் நிரப்பியதில்லை போலிருந்தது. அவருக்கு அதை நிரப்ப ஆசையாக இருந்தது. முப்பது நாள் என்று எழுதினார்.

முப்பது நாளும் மச்சான் தீவிலேயே இருந்தார். "ஒரேயடியா உங்களைக் கூட்டிக்கிட்டே போயிடறேன். கடையைப் பசங்க பாத்துப்பாங்க" என்றார். சலூன்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மனைவி கணவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை அண்ணனிடம் சொன்னாள். "அண்ணே, உங்க மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லுங்க." "அண்ணே, குடையை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

தண்ணீர் வற்றும்போதெல்லாம் சலூன்காரர் ஓடைக்குப் போனார். பேசவில்லை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அப்போதும் பேசவில்லை. நானூறு தலையையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் சிலவற்றின் வெட்டு வாய் கறுத்தது. பன்னிரண்டாம் நாள் பதினான்கு கன்று இலையை உதிர்த்தது.

"மாப்ளே, எண்ணெய் தேச்சுப் பாத்தீங்களா?" என்றார் மச்சான் சாப்பிடும்போது.

அன்று காலையில்தான் மேடம் சலூன்காரர் கையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலைப் பிடுங்கியிருந்தார்.

பதினாறாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி நேராக அவரைப் பார்த்தாள். "செடி செத்தா செத்துட்டுப் போகுது. நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கூண்டுக்கு நீ வெட்டின கம்பெல்லாம் வாசல்ல கிடக்கு. அதைத் தாண்டித்தான் தினமும் ஓடைக்குப் போறேன்" என்றார். மச்சான் மட்டும் இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் மூன்றாவது வரிசையில், இலைக் காம்புக்கும் தண்டுக்கும் நடுவே, அரிசி முனை அளவுக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது. சலூன்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு முனை. எதிரெதிரே. அவர் போட்ட சத்தத்தில் படகோட்டியின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மனைவி ஓடிவந்து பார்த்தாள். பக்கத்துக் கன்றிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. இருவரும் சேற்றில் முழங்காலிட்டு நகர்ந்தார்கள்.

"இது இருக்கு."

"இதுவும் இருக்கு. ஏங்க, இதுல மூணு இருக்கு!"

"அவனுக்கு உச்சியில ரெட்டைச் சுழி. அப்படித்தான் இருப்பான்."

மறு ஆய்வுக்கு வந்த ஆபீசர் மத்தியானம் வரை எண்ணினார். நானூறில் இருநூற்று அறுபத்து மூன்று துளிர்த்திருந்தது. மற்றவை போனது போனதுதான். ஒவ்வொரு போன கன்றின் முன்னாலும் சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்து மூன்று. பெண்கள் கைதட்டினார்கள். ஆபீசர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"உயிரோட இருக்கு, சரி. இப்போ ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நுனி இருக்கு. எதை அளக்கறது?"

"வகிடு எடுத்து நடுவுல அளங்க சார்" என்றார் சலூன்காரர்.

"ஏங்க!" என்றாள் மனைவி.

ஆபீசர் இரண்டையும் அளந்து எழுதினார். ஓடை பெண்கள் குழுவுக்கு என்று முத்திரை குத்தினார். கீழே ஒரு நிபந்தனை சேர்த்தார். மேற்படி நபர் இனிமேல் கத்தரியோடு ஓடைக்குள் இறங்கக் கூடாது; பொறுப்பாளர் ஒருவர் இதற்குக் கையெழுத்திட வேண்டும். மனைவி பேனாவை வாங்கினாள். 'சேதம் செய்தவருக்கு உறவு' என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள்.

"இவரைக் கட்டுப்படுத்த முடியுமா உங்களால?" என்று ஆபீசர் கேட்டார்.

"அது முடியாது சார். கத்தரியை ஒளிச்சு வைக்க முடியும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் பெண்கள் முதல் கூண்டுக்குக் கம்பு நட்டார்கள். மச்சான் ஆபீசரோடு அதே படகில் கிளம்புவதாகச் சொன்னார். "அடுத்த வருஷம் பாக்கலாம் மாப்ளே, நாற்காலி எங்கயும் போகாது" என்றார். சலூன்காரர் அவர் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெட்டியை இன்னொரு கையில் எடுத்தார். அவர் குடையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மச்சான் பின்னால் மூச்சு வாங்க ஓடிவர, படகுத்துறைக்கு விறுவிறுவென்று நடந்தார். படகு கிளம்ப இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.